ஓசூரிலிருந்து பூட்டு வரும்வரை

பையோடு சாவியும் போனது,
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
ராயக்கோட்டை வண்டி ஏறிய நெரிசலில்.
உள்ளே ஆர்.சி. நகல். அதில் வீட்டு விலாசம்.

தொண்ணூற்றாறாம் வருஷத்து மாருதி.
"புது செட் ஓசூர்லருந்து வரணும், மூணு நாளாகும்"
என்ற அன்வர் பாஷா
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி
கட்டைவிரல் பருமன் ரோட்டரை
என் உள்ளங்கையில் வைத்தார்.
"இது இல்லாட்டி தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

இரண்டு இரவும்
தலையணைக்கடியில் அது.
விடிந்தால் காதோரம் கரி.

மூன்றாம் நாள்
கதவு பூட்டித்தான் இருந்தது.
டிரைவர் சீட் மட்டும்
ஒரு சாண் பின்னால்.
என்னைவிட நெட்டை.
திருகித் திருகிப் பார்த்திருப்பான்.

போகும்போது
பூட்டிவிட்டுப் போயிருக்கிறான்,
தன் வண்டியைப் போல.