இரண்டு புள்ளி நாலு

செத்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி.
இடியில்லை, மின்னலில்லை,
சின்னதாக ஒரு 'டிக்'.
ஆறு வருஷம் டி.வி.க்குப் பின்னால்
பல்லி முட்டைகளோடு குடித்தனம் நடத்திய கறுப்புப் பெட்டி
பச்சைக் கண்ணை மூடிச்
சிவப்புக் கண்ணைத் திறந்தது.

அணைத்துப் போட்டேன்.
பின்பக்க ஓட்டையில் ஊக்கைக் குத்திப் பத்து எண்ணினேன்.
கஸ்டமர் கேரில் இருந்தவள்
அணைத்துப் போடச் சொன்னாள்.

புதன்கிழமை மீட்டிங்கில்
போன் டேட்டாவில் முகம் காட்டினேன்.
அது சதுரம் சதுரமாக உடைந்து
'கேக்குதா, கேக்குதா' என்றது.

வியாழன், துணி வாங்கக் கீழே போனால்
புங்க மரத்தடியில் கன்னியப்பன்
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்கிறார்:
"ஏம்மா, ரெண்டு நாளா நெட்டு வரலியே,
பில்லு கட்டலியா?"

ஒரு சட்டை மடிக்கிற நேரம் ஆனது
எனக்குப் புரிய.

இணைந்திருப்பவற்றின் பட்டியலில்
பெயர் தெரியாத ஒன்று எப்போதும் இருக்கும்.
என்னுடைய பழைய போன் என்றே நினைத்திருந்தேன்,
அது உடைந்து அலமாரியில் கிடந்தபோதும்.

"மாட்ட வந்த பையன் அன்னிக்கே குடுத்தாம்மா.
அவன் பேன்ட்டுக்கு நான் காசு வாங்கல.
மத்தியானம் கொஞ்சம் படம்.
சாயங்காலம் பொண்ணு பேசும், மஸ்கட்லேர்ந்து.
உனக்கு மீட்டிங்னா ஆஃப் பண்ணிடுவேன்,
நீ பேசறதுதான் இங்க வரைக்கும் கேக்குமே."

அப்படியென்றால்
மேனேஜரிடம் நான் மன்னிப்புக் கேட்ட தேதிகளெல்லாம்
நங்கநல்லூரில் ஒருத்தருக்குத் தெரியும்.

கோபப்படுவது என்று முடிவு செய்து படியேறினேன்.
பதினெட்டுப் படி.
மேலே வந்து சேர்ந்தபோது
கையில் துணிமூட்டை மட்டும்தான் சூடாக இருந்தது.

சனிக்கிழமை, மெட்ரோ பிடித்து ரிச்சி தெரு.
மழைத் தண்ணீரில் ஒயர்த் துண்டுகள் மிதக்க,
தலைக்கு மேல் அட்டைப் பெட்டிகள் போக,
இம்தியாஸ் என்று பேட்ஜ் குத்திய பையன்
கால் தூக்கிய சிலந்திகள் மாதிரி
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.
"எத்தனை பெட்ரூம் மேடம்? எத்தனை பேர்?"
ஒரு பெட்ரூம். ஒரு ஆள்.
அவன் முகத்தில் விலை குறைந்தது.

"அப்போ இது போதும்.
அஞ்சுல போட்டா சும்மா பறக்கும், சுவரு வந்தா நின்னுடும்.
ரெண்டு புள்ளி நாலு கொஞ்சம் ஸ்லோ,
ஆனா சுவரு, கதவு, பீரோ எல்லாம் தாண்டிப் போவும்."

மரம்?

"என்ன மேடம்?"

புங்க மரம். முதல் மாடி ஜன்னலிலிருந்து கீழே,
முப்பதடி இருக்கும்.

"ஓ, தோட்டம் இருக்கா?"

இருக்கு என்றேன்.
மாத வாடகை பதினாலாயிரம் கொடுக்கிறவள்
அரை நிமிஷம் தோட்டக்காரியாக நின்றேன்.
வெளியே மாட்டுகிற மாடல் ஒன்றைக் காட்டினான்,
நாலாயிரத்து இருநூறு.
என் தோட்டம் அவ்வளவு பெரிசில்லை.
ஆயிரத்து அறுநூறுக்கு நாலு கொம்பு,
மூன்று வருஷ வாரண்டி.

உள்ளே ஒரு தாள்:
வீட்டின் நடுவில், உயரமான இடத்தில்,
ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கவும்.
ஜன்னல் விளிம்பைத் துடைத்து அங்கே வைத்தேன்.
பெயர் கேட்டது. பழைய பெயர்.
பாஸ்வேர்டு கேட்டது.
பதினாறு எழுத்தில் ஒரு கோட்டை கட்டினேன்,
பார்த்தேன்,
அழித்தேன்.
மூன்று வருஷத்துக்கு முன் விற்ற ஸ்கூட்டியின் நம்பரையே
மறுபடி அடித்தேன்.

லேப்டாப் வந்தது. போன் வந்தது.
டி.வி. எப்போதும்போல் யோசித்துவிட்டு வந்தது.
ஆறேகால் மணிக்கு
பெயர் தெரியாதது வந்து
பேசாமல் வரிசையில் நின்றது.

சமையலறையில் ஒரு கோடு குறைகிறது.
குக்கர் விசில் எண்ணும்போது
பாட்டு திக்குகிறது.

ஞாயிறு, ஒன்பது உருப்படி.
மனசுக்குள் நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.
கன்னியப்பன் விரல் வைத்து எண்ணினார்.
"தொண்ணூறும்மா."
சில்லறை இல்லையே என்றேன்.
"ஜீபே பண்ணு,
நெட்டுதான் வந்துடுச்சே."