இழுப்பு

மார்ச்சில் புகையை விட்டேன்.
பதினெட்டு வருடமாக
நாளுக்கு இருபது தடவை விட்டதுதான்;
இம்முறை திரும்ப இழுக்கவில்லை.

கோமளா மோந்து பார்த்தாள்:
காலரில் இல்லை, விரலிடுக்கில் இல்லை.
தெம்பனீஸில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு
"விட்டுட்டாருக்கா" என்றாள்.
நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜோகூரிலிருந்து நிஸாருதீன்
காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தது.
கட்டைவிரல் கனம், மாம்பழ வாசம்.
சிகரெட்டுக்காவது
குப்பைத்தொட்டி மேல் ஒரு சாம்பல் தட்டும்
அதைச் சுற்றி நாலு பேரும் உண்டு.
லைட்டர் கேட்பார்கள்,
ஓவர்டைம் வரவில்லை என்று புலம்புவார்கள்.
இதற்கு ஆளில்லை, இடமில்லை.
பிடித்தால் அபராதம்.
மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறையைத் தாழிட்டு
காற்றோட்டக் கம்பிகளுக்கு நேராக ஊதுவேன்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூச்சும் என்னிடம் அப்படியே நடந்துகொண்டது.

ஜூலையில், யீஷூனில்,
பழுதான லிஃப்டைத் திறக்க
பழுதானவன் படியேறினேன்.
ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்,
கருவிப்பை மடியில்.
நெஞ்சுக்குள் எனக்குப் பழகிய சத்தம்:
எண்ணெய் வற்றிய தண்டவாளத்தில்
பெட்டி உரசி ஏறும் கீச்சு.
லிஃப்டாக இருந்தால் பலகை மாட்டியிருப்பேன்,
சேவையில் இல்லை என்று, நான்கு மொழிகளிலும்.
ஒரு சீனத்து அம்மாள் கிராதிக்கதவைத் திறந்து
பிளாஸ்டிக் முக்காலி ஒன்று தள்ளினாள்.
எப்போது ஓடும் என்று
கையால் மேலும் கீழும் காட்டிக் கேட்டாள்.
லிஃப்டைத்தான் கேட்டாள்.

சின்ன வயதில் எனக்கு வந்ததற்கு
அம்மா சொன்ன பெயர் இழுப்பு.
ராணுவ முகாமில்
முதல் சிகரெட்டை நீட்டியவன் சொன்னதும் அதே சொல்:
ஒரு இழுப்பு, ஒண்ணே ஒண்ணு.

பலதுறை மருந்தகத்தில் இரண்டு கொடுத்தார்கள்.
பழுப்பு, தினமும் இரண்டு வேளை.
நீலம், திணறும்போது.
ஊதிப் பார்க்க ஒரு குழல்,
எண்ணை எழுதிவைக்க ஓர் அட்டை.
அட்டையை மறந்தேன்.
மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்திய இரவு
ஆறு வாரத்தையும் ஒரே பேனாவில் நிரப்பினேன்:
450, 450, 460, 450, 450.

தாதி ஹஸீனா என்னைவிட இளையவள்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"உயிரோட இருக்கிறவங்க நெஞ்சு
இப்படிக் கோடு போட்ட மாதிரிப் போகாதே, அண்ணே."
குழலை நீட்டினாள். ஊதினேன்.
முள் 280-இல் நின்று என்னைப் பார்த்தது.
அவளும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, கூட்டம் எப்படி என்று கேட்பதுபோல:
"என்ன வாசம்?"

மாம்பழம், என்றேன்.
வாயிலிருந்து வந்த பிறகுதான்
சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

புது அட்டை இப்போது குளிர்பெட்டிக் கதவில்.
திங்கள் 280.
செவ்வாய் 310.
புதன் இரவு, பையில் இரண்டும் கிடந்தன.
இருட்டில் துழாவி எடுத்து வாயில் வைத்தேன்.
இனித்தது.
வியாழன் காலைக் கட்டத்தில் 240 என்று எழுதி
ஓரத்தில் சிறிய எழுத்தில்: ஒரு இழுப்பு.

கோமளா காப்பிக் குவளையோடு நின்று படித்தாள்.
"இதுல எந்த இழுப்பு?"

அவளிடம் மூச்சு விட
முதலில் மூச்சு வேண்டியிருந்தது.
நீலத்தைக் குலுக்கினேன், உறிஞ்சினேன், பத்து வரை எண்ணினேன்.
பிறகு சொன்னேன்.
நிஸாருதீன், காலுறை, மோட்டார் அறை எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன்.
அடுத்த நாள் கத்தினாள், அது வேறு.
அன்றைக்கு அந்த மாம்பழத்தைக்
கறிவேப்பிலைக் காம்போடு குப்பைச்சரிவில் போட்டாள்.
போகப்போகச் சுவரில் இடித்த சத்தம் கேட்டது.
இன்னொன்று வேன் டாஷ்போர்டில் இருப்பதை
இன்னும் சொல்லவில்லை.

குழலைக் கழுவி அவளும் ஒரு தடவை ஊதினாள்.
410.
எங்கள் வீட்டுச் சண்டையில்
எப்போதும் யார் ஜெயிக்கிறார்கள் என்பதற்கு
இப்போது எண்ணும் இருக்கிறது.