மூன்று மணி பதினோரு நிமிடம்

காலை ஒன்பது பதினான்குக்கு
ஆளுநர் தன் பெயரை எழுதி முடித்தார்.
மருத்துவமனை அங்கியின் முதுகு நாடாவை
செவிலி இன்னும் கட்டிக்கொண்டிருந்தாள்.
நேரத்தை முத்திரையிடுவது என் வேலை.
இட்டேன்.
மயக்க மருந்து உள்ளே இறங்கும் முன்பே
வட டகோட்டா மாநிலம்
அவர் கையைவிட்டு இறங்கியிருந்தது.

குடல் பரிசோதனைதான். சின்ன விஷயம்.
சட்டம் சின்னது பெரியது பார்ப்பதில்லை;
விழித்திருக்கும் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

விழித்திருந்தவர் துணை ஆளுநர் மார்லிஸ் ட்வெய்ட்டன்.
ஆறு ஆண்டுகளாக ரிப்பன் வெட்டியவர்,
சந்தைகளில் பூசணிக்காய் எடையை
மைக்கில் அறிவித்தவர்.
பெரிய மேஜைக்கு அவர் போகவில்லை.
தன் அறையிலேயே
ஹீட்டர்மேல் காலுறையைக் காயப்போட்டுவிட்டு
பாதி சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தார்.

பத்து நாற்பதுக்கு ஷெயென் ஆற்றங்கரையிலிருந்து தொலைபேசி.
பனிப்பாளங்கள் பாலத்தில் சிக்கி அடைத்துவிட்டன.
கிழக்குச் சாலையை வெட்டிவிட்டால்
தண்ணீர் வயலுக்குள் போகும், ஓல்ஸ்டாட் ஊர் தப்பும்.
சாலை மாநிலத்துடையது.
ஆகவே கையெழுத்தும்.

தலைக்குமேல் போன வெள்ளம்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
பொறியாளரின் கணக்கில்
சாணுக்கும் முழத்துக்கும் நடுவேதான்
எண்ணூறு பேர் குடியிருந்தார்கள்.

"அந்தப் பக்கம் யார் இருக்காங்க?"
மூன்று பண்ணைகள். இரண்டு காலி.
மூன்றாவதில் டுவேன் ஷ்லெக்கர்,
இருநூற்றுப் பதினாறு தேன்பெட்டிகள்,
கலிஃபோர்னியாவில் வாதுமைப் பூவுக்குப் போய்
இந்த வருடம் சீக்கிரமே திரும்பிவிட்டவை.

மார்லிஸ் தானே எண்களை அழுத்தினார்.
மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை;
பின்னால் ஒரு நாய் குரைத்தது எனக்கும் கேட்டது.
"எவ்வளவு நேரம் தருவீங்க?"
பொறியாளர் இருபது என்று எழுதிக் காட்டினார்.
மார்லிஸ் நாற்பது என்றார்.

அந்த நாற்பது நிமிடம்
அவர் ஒன்றும் செய்யவில்லை.
காய்ந்த காலுறையை மாட்டிக்கொண்டார்.
பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
இத்தனை வருடம் அதிகாரத்தின் தேதிகளை மட்டுமே
பார்த்திருந்தேன்.
அது சாண்ட்விச்சைத் தள்ளி வைப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

பதினொன்று இருபத்தேழு. இட்டேன்.

கூடுதல் இருபது நிமிடத்தின் விலை
பிறகு தெரிந்தது:
ஓல்ஸ்டாட்டில் இரண்டு தெருக்களின் நிலவறைகள்,
ஒரு பள்ளியின் பியானோ.
டுவேன் லாரியில் ஏற்றியது நூற்று முப்பது பெட்டி.
மிச்சம் செய்தித்தாளில் வந்தது,
வெள்ளை வெள்ளையாய், வரிசை கலையாமல்,
வாக்குச்சாவடிக்குப் போகிறவை போல
மிதந்துகொண்டு.
ஊரார் தாமதம் என்று திட்டினார்கள்.
டுவேன், அவசரம் என்று.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு
ஆப்பிள் சாற்றை உறிஞ்சியபடி
ஆளுநர் மாநிலத்தைத் திரும்பப் பெற்றார்.
"ஏதாவது நடந்ததா?"
கட்டிலருகே நின்று மார்லிஸ் சொன்னார்,
அதுவரை தெரிந்த எல்லாவற்றையும்.
அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நானா இருந்தா இருபதுதான் தந்திருப்பேன்."
பிறகு, மருந்தின் மிச்சமோ என்னவோ,
"போன் பண்ணியிருக்க மாட்டேன்."

என் பதிவேட்டில்
குறிப்புகள் என்று ஒரு கட்டம் உண்டு.
இருபத்தோரு வருடமாக அதில்
ஒரு கோடு மட்டும் இழுப்பேன்.
மறுநாள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு
அந்தக் கோட்டின்மேல் எழுதினேன்:
எண்பத்தாறு.
யாராவது கேட்டால்
என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.