பதினேழு சதவீதம்

மூன்று முறை கூட்டம் போட்டேன்,
வெள்ளிக்கிழமை, மாலை மூன்று மணி.
வந்தது:
சத்துணவு அமைப்பாளர்,
வராந்தாவில் வழக்கமாகப் படுக்கும் நாய்,
கையெழுத்து மட்டும் போட வந்த பக்கிரிசாமி.
வருகைப் பதிவேட்டில் மீதிக் கட்டங்கள்
தண்ணீர் ஏறாத கடைமடை மாதிரி.

"அக்கறையே இல்லை இவர்களுக்கு" என்று
ஆசிரியர் ஓய்வறையில் நான்தான் சொன்னேன்.
(ஓய்வறை என்பது ஒரு பீரோவின் பின்பக்கம்.)

நான்காம் முறை
பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு
ஸ்கூட்டியில் கொள்முதல் நிலையத்துக்கே போனேன்.
புரட்டாசி இரவு. கோட்டூர்ப் பக்கம் மின்னல்.
சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல்,
மேலே தார்ப்பாய், தார்ப்பாய் மேல் செங்கல்,
செங்கலுக்குப் பக்கத்தில் பெற்றோர்கள்.
ஏழாவது நாளாம் அங்கே.

தையல்நாயகி எழுந்து
ஒரு சாக்கைத் தட்டிப் போட்டாள்.
"என்ன டீச்சர், எம்புள்ள என்ன பண்ணிட்டான்?"
ஒன்பது வருஷத்தில் இவர்களுக்கு
நான் எழுதி அனுப்பியதெல்லாம் ஒரே வரி:
பெற்றோரை அழைத்து வரவும்.

ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.
யோகேஷ் நன்றாக வரைகிறான் என்றேன்.
(பொய்யில்லை. அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது.)
"இதச் சொல்லவா ராத்திரில வந்தீங்க?"

கொண்டுபோன தாளை டார்ச் அடித்து வாசித்தேன்.
தமிழ் வாசிப்பு நாற்பத்தொரு சதவீதம்.
கழித்தல் முப்பத்தாறு.
வீரையன் சிரித்தார்.
"இங்கயும் அப்படித்தாங்க.
மெஷின வச்சுப் பாத்துட்டு இருபத்தொண்ணுங்கறான்.
பதினேழுன்னாத்தான் எடுப்பானாம்.
காயவச்சுக் கொண்டாங்கறான்,
எங்க காயவக்கிறதுன்னு சொல்ல மாட்டேங்கறான்.
நீங்களும் வீட்ல படிக்க வைங்கன்னுதானே எழுதுறீங்க."

தாளை மடித்தேன்.
அதற்குள் மழை.
எல்லோரும் ஓடினார்கள், நானும்.
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை தையல்நாயகி கையில்.
காற்று இழுக்க இழுக்க,
கூட்டம் அப்போதுதான் தொடங்கியது.

பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை,
ஏழாம் வகுப்பு அபிதா
மாதம் நாலு நாள் வராதது அதனால்தான் என்று
இருட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள்.
நான் அதற்கு வேறு காரணம் எழுதியிருந்தேன்.
மூணு மணிக்கு வச்சா நடவாளு எப்படி வரும்,
இது இன்னொருத்தி.
ஞாயிற்றுக்கிழமை பள்ளியின் சிமெண்டுத் தளம்
சும்மாதானே கிடக்கிறது என்றேன் நான்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திங்களன்று பக்கிரிசாமி
தாழ்ப்பாளும் நாலு திருகாணியுமாக வந்தார்.
முதலில் தன் உயரத்துக்கு வைத்தார்.
பிறகு கழற்றி
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும்படி.
பதிவேட்டை நீட்டினேன்.
கையெல்லாம் கிரீஸ் என்று போய்விட்டார்.

தளத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை.
மேலே கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் தலைமையாசிரியர்.
நெல் இருபதில் நிற்கிறது.
யோகேஷ் விரல் மடக்கிக்
கழித்துச் சொல்கிறான்:
இன்னும் மூணு, டீச்சர்.