கழுத்தொடிப் படிகள்

கம்பெனி அனுப்பிய படிவத்தில்
"நடந்தது என்ன" என்பதற்கு நேரே
ஒரு விரல்நீளக் கோடுதான் விட்டிருக்கிறார்கள்.

பின்னால் நடந்ததை எழுதலாம்.
பதினொரு வருடமாக நான்
முகத்தை ஆட்களுக்கும்
முதுகைக் கியூபெக் நகரத்துக்கும் கொடுத்து
பின்னால்தான் நடக்கிறேன்.
எந்தக் கல் துருத்தும்
எந்த வாசலில் உப்புப் போட மறப்பார்கள்
எல்லாம் குதிகாலுக்குத் தெரியும்.
கண் அதைப் பார்த்ததேயில்லை.

கீழ்நகரத்துக்கு இறங்கும் படிகளுக்கு
கழுத்தை முறிப்பவை என்றே பெயர்.
சொன்னதும் சிரிப்பார்கள்.
நானும் சிரிக்கவேண்டும்,
அது சம்பளத்தில் அடக்கம்.
எனக்கு முன்னிருந்த ஜிஸ்லேன்
அங்கே இருபத்திரண்டாம் படியில் இடுப்பை விட்டாள்.
இப்போது கடையொன்றில் உட்கார்ந்தபடி
காந்தம் ஒட்டிய கலைமான் விற்கிறாள்.
உட்கார்ந்தபடி, என்று இரண்டுதரம் சொன்னாள் என்னிடம்.

எண்ணுவது ஒரு வியாதி.
சதுக்கத்தில் இருபத்தேழு, தேவாலயத்தில் இருபத்தேழு,
கழிப்பறை வாசலில் காத்துநின்று இருபத்தேழு.
விடுமுறை நாளில் பஸ்ஸில் ஏறினாலும்
முன்பின் அறியாத தலைகளை எண்ணி
யாரோ குறைகிறார்களென்று நெஞ்சு அடிக்கும்.
கனவில் எப்போதும் இருபத்தாறு.

தொண்டைக்குள் இரண்டு முடிச்சு,
மிளகளவு என்றார் டாக்டர்.
மூன்று கிழமை கதைக்கக் கூடாது.
அப்போ வாடகைக்கு யார் கதைப்பது
என்று கேட்க வாயெடுத்தேன்,
பாதிதான் வந்தது.

இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு
கிசுகிசுத்தே ஒரு கிழமை ஓட்டினேன்.
அந்த வியாழக்கிழமை
பத்தரைக்கு அதன் பற்றரி குளிரில் செத்தது.
கூட்டம் நெருங்கி வந்தது, ரகசியம் கேட்பதுபோல.
மஞ்சள் ஜாக்கெட் போட்டவருக்கு மட்டும் பொறுக்கவில்லை,
விலகிப்போய்ச் சுவரோரம் நின்று
கூரையைப் படமெடுத்தார்.

செப்புக் கூரை.
விளிம்பில் ஆள்நீளப் பனிக்கட்டிகள்.
பெப்ரவரி வெயில் அவற்றைத் தொட்டுத்தொட்டு
சொட்ட வைத்துக்கொண்டிருந்தது.
சொட்டு நின்றது.
கூரை ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்தது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

வாயைத் திறந்தேன்.
பிரெஞ்சு வரவில்லை, ஆங்கிலம் வரவில்லை,
ஐயோ என்றுகூட வரவில்லை.
காற்று வந்தது, இரண்டு மிளகிலும் உரசிக்கொண்டு.

கையில் கம்பெனிக் குடை இருந்தது, நாவல்பழ நிறம்.
உயர்த்திப் பிடித்தால் ஆட்கள் பின்தொடரவேண்டும்,
அதற்கென்று தந்தது.
எறிந்தேன்.

பிடி அவர் காதில் பட்டது.
என்னை அடிக்கத்தான் வந்திருப்பார்,
நாலு எட்டில் பாய்ந்து வந்தார்.
அவர் நின்ற இடத்தில்
ஒரு கண்ணாடிக் கடை
தலைகீழாய்க் கவிழ்ந்தது.

எண்ணினேன், இருபத்தேழு.
திரும்பவும் எண்ணினேன்.
என் முழங்கால்கள் ஆளுக்கொரு தாளத்தில் நடுங்கின.
இது தினமும் காட்டுவதா என்று
ஒரு பொடியன் தாயிடம் கேட்டான்.
யாரோ கைதட்டினார்கள்.

மஞ்சள் ஜாக்கெட்டின் முறைப்பாட்டில்
குடை இருக்கிறது.
பனிக்கட்டி இல்லை.
வழிகாட்டி விளக்கமாகப் பேசவில்லை
என்பது இரண்டாவது குற்றம்.
குடைக்கு இருபத்துநாலு டொலர்
இந்த மாதமே கழித்துவிட்டார்கள்.

கோடு இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
நாளைக்கு முப்பத்தொரு பேராம், ஒன்பது மணிக்கு.
சப்பாத்தின் அடியில் முள்ளுப்பட்டி மாட்டியாயிற்று,
ஒலிபெருக்கியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுவைத்தேன்.
புதுக் குடை பச்சை.
விளக்கை அணைக்குமுன்
கட்டிலின்மேல் அதை எறிந்து பார்த்தேன்.

பாரம் போதாது.