வீட்டில் ஒருத்தி

மருத்துவர் ஒரு எண்ணைச் சொன்னார்.
ஆறு புள்ளி ஒன்பது.
பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் வந்திருந்தால்
ஏழாக்கிவிட்டுப் போயிருப்பேன்.

முதல் திங்கள் வீரத்தோடு போனேன்:
அவித்த கடலை, அவித்த புரொக்கலி,
அவித்த மனம்.
புதன்கிழமைக்குள்
வீதிக்கு அந்தப் பக்கத்து டோனட் கடை
என் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகிவிட்டது.

வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தெட்டு.
மூக்குக்கண்ணாடி வில்லை அரைக்கும் கூடத்தில்
பன்னிரண்டு பத்துக்கு மணி அடிக்கும்.
அரை மணி நேரம்.
மைக்ரோவேவுக்கு ஏழு பேர் வரிசை.
யாருடையதோ பன்றி இறைச்சி உள்ளே சுற்றிக்கொண்டிருக்க
நான் குளிர்ந்த கீன்வாவைப் பார்ப்பேன்,
அது என்னைப் பார்க்கும்.
இருவருக்கும் பேச ஒன்றுமில்லை.

பன்னிரண்டு வருடம்
இரண்டு பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டியவள் நான்.
கரட்டில் நட்சத்திரம் வெட்டினேன்.
ஆப்பிள் கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் நனைத்தேன்.
சோற்று உருண்டைக்கு மிளகால் கண் வைத்தேன்.
நட்சத்திரம் போக மிஞ்சிய ஓட்டைக் கரட்டை
கழுவுதொட்டியடியில் நின்றபடி தின்றேன்.
அதையும் சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன்.

மாறியது ஒரு ஞாயிறு இரவில்.
பெரிதாக ஒன்றுமில்லை,
தாளிதம் கூடிப்போயிற்று.
கடுகு, கறிவேப்பிலை, செத்தல் மிளகாய்,
எறிய மனமில்லாமல்
ஒரு சின்ன ஜாம் போத்தலில் மூடி வைத்தேன்.
மறுநாள் அதே கடலைமேல் கவிழ்த்தேன்.
மேசையில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.
தான் யார் என்று நினைவு வந்ததுபோல்
கடலை பளபளத்தது.

பிறகு கள்ளத்தனங்கள் பழகினேன்.
வெள்ளரிக்காயைச் சரித்து வெட்டினால்
ருசி மாறுகிறது, சத்தியமாய்.
தேசிக்காய்ப் பாதியை அப்படியே கொண்டுபோய்
அங்கேதான் பிழியவேண்டும்;
வீட்டில் பிழிந்தது நேற்றையது.
மாதுளை முத்து ஒரு கைப்பிடி. விலை கேட்காதே.
மொறுமொறுப்புக்கு வறுத்த பயறு,
தனிப் பொட்டலத்தில்,
நேரம் வரும்வரை தயிரோடு சேரவிடாமல்,
பேச்சுவார்த்தை முற்றிய சம்பந்திமார்போல.
பீற்றூட்டை அப்படிச் சேரவிட்டால்
பத்து மணிக்குள் பெட்டி கல்யாண வீடு.

இன்னொன்றும் செய்தேன்.
விருந்தினர் வந்தால் மட்டும் வெளியே வரும்
கனத்த கரண்டிகளில் ஒன்றைக் களவெடுத்தேன்,
என் அலுமாரியிலிருந்தே.
பத்து வருடத்தில் விருந்தினர் வந்தது நாலு தரம்.
அதன் பாரம் கையில் இருக்கும்போது
அவதிப்பட்டு விழுங்க வெட்கமாயிருக்கிறது.

தோற்ற நாட்களும் உண்டு.
வரகரிசியில் தக்காளிச் சாதம்: சீமெந்து.
கேல் இலைச் சுண்டல்: பற்களுக்கு உடற்பயிற்சி.
அன்றைக்கு டோனட் கடைக்குப் போனேன்.
போனேன், அவ்வளவுதான்.

நேற்று, எதிரே இருந்த ரொடெலின் முள்ளுக்கரண்டி
பாதி வழியில் நின்றது.
"தினமும் உனக்கு இதை யார் கட்டித் தருவது?"
என் வாயில் மாதுளை. யோசிக்க நேரம் இருந்தது.
"வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்."
"கொடுத்து வைத்தவள் நீ."
"முந்தி என்னை அவ்வளவாகக் கவனிக்கமாட்டாள்,"
என்றேன். "பிள்ளைகள், வேலை. பாவம், அவளுக்கும் நேரமில்லை."
அவன் தலையாட்டினான்.

மூடியில் ஒட்டியிருந்த கடுகை
விரலால் ஒற்றி எடுத்தேன்.
வைகாசியில் மறுபடி இரத்தம் எடுப்பார்கள்,
எண் என்ன சொல்லுமோ.
நாளைக்கு வியாழன்.
குளிர்பெட்டியில் கரட் ஒன்று கிடக்கிறது.
நட்சத்திரம் வெட்டும் அச்சு
எந்த லாச்சியில் என்று தேடவேண்டும்.