அட்டவணையில் கெஸ்லர்

மாநாடு என்றுதான் பெயர்.
பந்தல் கிடையாது, கொடி கிடையாது,
தீர்மானம் வாசிக்க ஆள் கிடையாது.
நெப்ராஸ்காவின் மேற்கே
ஊருக்கொரு தண்ணீர்த் தொட்டியும்
ஒரு தேவாலயக் கோபுரமுமாய்
எட்டுச் சிற்றூர், எட்டுக் கல்லூரி.
அவை ஒன்றோடொன்று மோத
நாள் குறிப்பவள் நான்.
அலுவலகம் ஒரு பல்மருத்துவரின் மாடி.
கீழே பல் துளைக்கும் சத்தம்,
மேலே கூடைப்பந்து.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தூரங்கள்.
பிளம் ரிட்ஜிலிருந்து செயின்ட் வால்பர்காவுக்கு
நூற்றுப் பத்து மைல்.
நடுவில் ஒரே ஒரு கழிப்பறை,
சோளக் களஞ்சியத்தை ஒட்டிய பெட்ரோல் பங்கில்.
பதினைந்து பெண்கள், இருபத்தைந்து நிமிடம்.
அதையும் கூட்டித்தான்
ஏழு மணி ஆட்டம்.

ஏப்ரலில் கெஸ்லரை மூடினார்கள்.
நூற்று முப்பத்தொரு வருடம்;
கடிதம் இரண்டு பத்தி.
எட்டு ஏழானது,
அட்டவணைக்கு ஏழரை பிடித்தது.
சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர்
சும்மா இருக்க வேண்டும்.
மென்பொருளுக்கோ
சும்மா இருப்பது என்றால் என்னவென்று தெரியாது.
பெயர் இடு, பெயர் இடு என்று
சிவப்பில் துடித்தது கட்டம்.
கெஸ்லர் என்று தட்டினேன்.
விரலுக்குப் பழகிய பெயர், வேறென்ன.

அந்தக் குளிர்காலத்தில்
கெஸ்லர் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

பிப்ரவரி எட்டு.
பிளம் ரிட்ஜுக்குப் பயிற்சியாளர் ஜோலீன் ஊப்பன்
ஒஹையோவிலிருந்து வந்து மூன்று வாரம்.
ஓட்டுநரும் புதுசு.
தாளில் இருந்தது:
கெஸ்லர், வெளியூர் ஆட்டம், மணி ஏழு.
பஸ் கிளம்பிவிட்டது.

பெண்களுக்குத் தெரியும்.
பதினைந்து பேருக்கும் தெரியும்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
அவர்களில் மூவர்
போன வருடம் கெஸ்லர் சட்டை போட்டவர்கள்.

எண்பது மைல் தாண்டி
பனி மூடிய பார்க்கிங்.
விளையாட்டுக் கூடத்தில் ஒற்றை விளக்கு.
குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க
வங்கிக்காரர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த
மிலோ க்ராட்கி
கதவை ஒரு சாண் திறந்து பார்த்தார்.
லேட்டா வர்றீங்களே, என்றாராம்.
மற்ற விளக்குகளைப் போடப் போனாராம்.

பந்துகள் ஏலத்தில் போயிருந்தன.
வளையங்களை யாரும் கேட்கவில்லை.
பஸ்ஸிலிருந்து பந்து வந்தது.
மூன்று பெண்கள்
சட்டையை உள்வெளியாய்த் திருப்பிப் போட்டுக்கொள்ள,
இரண்டு பேர் இரக்கத்திலோ குறும்பிலோ
அந்தப் பக்கம் போய்ச் சேர,
ஐந்தானது.
பலகையில்
சொந்த ஊர் அணியின் பல்புகள் மட்டும்
எரிந்தனவாம்.

திங்களன்று ஊப்பன் அழைத்தாள்.
திட்டப்போகிறாள் என்று
ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
"நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு.
தோற்றது நாங்கள். பதிந்துகொள்ளுங்கள்."

கீழே மருத்துவர் யாரிடமோ
இன்னும் கொஞ்சம் திற என்றார்.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
இல்லாத அணியிடம் தோற்க
விதி எதுவும் இல்லை.
தோற்கக் கூடாது என்றும்
எங்கும் இல்லை.

வரும் சனிக்கிழமை
கெஸ்லருக்கு எதிராக செயின்ட் வால்பர்கா.
அங்குள்ள பயிற்சியாளர் பத்து வருடத்துப் பழசு,
எல்லாம் தெரிந்தவர்.
மதியமே கேட்டுவிட்டார்,
பஸ் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று.